யாரும் கேட்காத உதவி

பெரியப்பாவின் கை சும்மா இருக்காது. பக்கத்து மேஜையில் பேனா திறந்து கிடந்தால் மூடி வைப்பார். லிஃப்டில் முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு கையிலும் பையோடு நின்றால், அவர் எந்த மாடிக்குப் போகிறவர் என்று முகத்தைப் பார்த்தே முடிவு செய்து பட்டனை அழுத்துவார். அது தப்பான மாடி என்று தெரிந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த பட்டனையும் அவரே அழுத்துவார்.

அந்த அறையில் அவர் யாருக்கும் பெரியப்பா முறை இல்லை. பல்கலைக்கழகத்தின் சட்டத்துறைக் கட்டடத்தில், மூன்றாவது மாடிக் கோடியில், முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். ஒரே ஒரு ஜன்னல். மழை வந்தால் மட்டும் ஒழுங்காக வேலை செய்யும் ஒரு பிரிண்டர். ஆளுக்கும் அரசாங்கத்துக்கும் நடக்கும் பெரிய சண்டைகளை வேறு மாடிக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். இந்த அறைக்காரர்கள் ஆராய்வது ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே நடப்பதை: கொடுத்தது, வாங்கியது, இடித்தது, உடைத்தது, சொன்ன சொல், தவறிய சொல். அவரவர் ஆய்வுத் தலைப்பே அவரவருக்குப் பட்டப்பெயர். அடமானச் சட்டத்தை ஆராய்ந்த பையன் அடமானம். அடுத்தவர் வாங்கும் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்கிறவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த பெண் ஜாமீன். இவருடைய தலைப்பு மட்டும் ஒரு முழ நீளம் இருந்தது. கூப்பிடுவதற்குள் ஆள் வெளியே போய்விடுவார். நாற்பதை நெருங்கியவர், அறையிலேயே மூத்தவர் என்பதால் பெரியப்பா என்று வைத்துவிட்டார்கள். அவரும் வாயெல்லாம் பல்லாக ஏற்றுக்கொண்டார்.

அந்த முழ நீளத் தலைப்பைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஒருவர் கேட்காமலே இன்னொருவர் அவருடைய காரியத்தைச் செய்து கொடுத்தால், செய்தவருக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு? இந்தக் கேள்வி அவருக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு வழக்கறிஞரிடம் ஜூனியராகக் குப்பை கொட்டியவர். அங்கே அவருடைய கட்சிக்காரர்களில் ஒருவர் தச்சர். அடுத்த வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தபோது பெருமழையில் அந்த வீட்டுக் கூரை ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டது. தச்சர் ஏணி போட்டு ஏறி, சொந்தச் செலவில் தகடு வாங்கி அடைத்தார். திரும்பி வந்தவர் நன்றியும் சொல்லவில்லை, செலவையும் தரவில்லை. 'என் வீட்டு மேல ஏற உனக்கு யார் சொன்னது?' என்று கேட்டார். கோர்ட்டும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டது. வழக்கு தோற்ற அன்று தச்சர் தன்பாட்டுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பெரியப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்தத் தச்சரிடத்தில் அவர் தன்னையே பார்த்தார் என்று சொன்னால் தப்பில்லை.

உதவித்தொகையோடு ஆய்வு செய்ய இடம் இருக்கிறது என்று விளம்பரம் வந்ததும் விண்ணப்பம் போட்டார். நேர்காணலில், பின்னால் அவருக்குக் கைடாக வந்த பேராசிரியை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்க தச்சர் கூரை மேல ஏறுறதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்காரருக்கு ஏன் ஒரு போன் போடலை?"

"மழை கொட்டிட்டு இருந்துதுங்க மேடம்."

பேராசிரியை சிரித்துவிட்டார். இடம் கிடைத்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை என்பது பெரியப்பாவுக்கு அப்போது உறைக்கவில்லை.

வீட்டில் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி. வழக்கறிஞர் ஆபீஸை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறேன் என்றபோது மனைவி மறுப்புச் சொல்லவில்லை. "மாசாமாசம் உதவித்தொகை வருதில்ல, போங்க. வீட்டுல இருந்து எனக்கு உதவி பண்றதுக்கு அங்க போறதே மேல்" என்றாள். அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின வருடம் பெரியப்பா, அவளுக்கே தெரியாமல், அவளுடைய மேலதிகாரியைப் போய்ப் பார்த்து இரவு ஷிஃப்டிலிருந்து அவளை மாற்றச் சொல்லிவிட்டு வந்தார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருக்கலாம் என்று அவள் போராடி வாங்கிய ஷிஃப்ட் அது. அதன் பிறகு ஒரு வாரம் அவர்கள் வீட்டில் மகள் மட்டும்தான் பேசினாள்.

ஆய்வில் முதல் வருடம் முடிந்ததும் ஒரு கண்டம் உண்டு. எழுதியவரைக்கும் துறையின் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு படித்துவிட்டுக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். தேறினால் உதவித்தொகை தொடரும். தேறாவிட்டால் பணமும் போச்சு, இடமும் போச்சு. அந்த வருடம் பெரியப்பா, அடமானம், ஜாமீன் மூன்று பேருமே ஒரே சுற்றில் மாட்டியிருந்தார்கள். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

செவ்வாய்க்கிழமை ஜாமீனுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், மூளையில் ரத்தக்கட்டு. தண்ணீர் பாட்டிலைக்கூட எடுக்காமல் ஓடினாள். அவளுடைய அத்தியாயம், ஓரமெல்லாம் பென்சிலில் எழுதிய குறிப்புகளோடு, மேஜை மேலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை பெரியப்பா அந்த மேஜையைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். தன்னுடையதை முந்தின நாளே ஏற்றிவிட்டார். பெண் பாவம், அங்கே என்ன கஷ்டத்தில் இருக்கிறாளோ, இது ஞாபகத்திலேயே இருக்காது, ஒரு வருட உழைப்பு கண் முன்னால் வீணாகப் போகிறதே என்று அடித்துக்கொண்டது. அவளுடைய பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். ஒருநாள் பஸ்ஸில் மாட்டிக்கொண்டு, ஒரு கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்லி அவளே போனில் சொன்னது. அவள் வளர்த்த நாயின் பெயரும் அது பிறந்த வருடமும். பெரியப்பாவுக்கு மறக்கவில்லை. எதையும் மறக்காதது அவருடைய இன்னொரு வியாதி.

உட்கார்ந்தார். அவள் கணக்கைத் திறந்தார். அத்தியாயமும் அதிலேயே இருந்தது. திறந்தவர் அப்படியே ஏற்றியிருந்தாலாவது பாதி பாவம்தான். அடிக்குறிப்புகள் ஒழுங்கில்லாமல் இருப்பதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. வரிசைப்படுத்தினார். விட்டுப்போன தீர்ப்பு ஒன்றைத் தேடிச் சேர்த்தார். நான்கரைக்கு 'சமர்ப்பி' என்ற பட்டனை அழுத்திவிட்டு, சோம்பல் முறித்து, அவள் மேஜையைத் துடைத்து, பேனாவுக்கும் மூடி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவர் எந்த நாளும் வீட்டுக்குப் போனதில்லை.

மனைவியிடம் சொன்னார். அவள் மகளுடைய சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்களா?"

"அப்பாவுக்கு முடியாம ஆஸ்பத்திரியில நிக்கிற பொண்ணுகிட்ட இதைப் போய் எப்படிக் கேக்கறது?"

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

திங்கட்கிழமை காலை ஜாமீனிடமிருந்து போன் வந்தது. பெரியப்பா ஆய்வு அறையில்தான் இருந்தார். அடமானம் எதிரே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"அப்பா எப்படிம்மா இருக்கார்?"

"கண்ணு திறந்துட்டார். 'உங்கள் சமர்ப்பிப்பு கிடைத்தது'ன்னு எனக்கு மெயில் வந்திருக்கு. அந்த ரூம்ல யார் அனுப்பினாங்கன்னு தெரியுமா?"

"நான்தாம்மா. நீ அங்க அலைஞ்சுட்டு இருப்பியேன்னு..."

அந்தப் பக்கம் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும் ஒலி மட்டும் கேட்டது.

"அதை நான் அனுப்பறதா இல்லை சார்" என்றாள். "ரெண்டாவது பகுதி முழுக்கத் தப்பு. அடிப்படையே தப்பு. போன வாரமே தெரிஞ்சுபோச்சு. காரணம் சொன்னா ஒரு தடவை தள்ளிப்போடலாம், கைடு சம்மதிச்சா போதும். என் கைடும் சரின்னுட்டாங்க. நான் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அனுப்பாம இருக்கணும்."

"ஐயோ, எனக்குத் தெரியாதேம்மா."

"ஆமா சார். உங்களுக்குத் தெரியாது."

போனை வைத்துவிட்டாள். அனுப்பியது அனுப்பியதுதான், திரும்ப வாங்க முடியாது என்பது விதி. அந்தத் தப்பான பகுதியோடு குழுவின் முன்னால் உட்கார்ந்தால் அவள் தேறப்போவதில்லை. அதோடு, ஒரு வருடமாகப் பெரியப்பா பெரியப்பா என்று வாய் நிறையக் கூப்பிட்ட பெண் சார் என்று சொன்னது அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

அடமானம் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு யோசனை சொன்னான். "பெரியப்பா, பேசாம இருங்க. போர்ட்டல்ல ஏதோ கோளாறு, தானா போயிடுச்சுன்னு ஜாமீனையே சொல்லச் சொல்லுவோம். அவங்க நம்பினாலும் நம்புவாங்க. நீங்க போய் உண்மையைச் சொன்னா, அடுத்தவங்க கணக்குல நுழைஞ்ச கேஸ் ஆயிடும். உங்க ஸ்காலர்ஷிப்பே போயிடும். அதே மூணு பேருதான் உங்களையும் பார்க்கப் போறாங்க."

அன்று முழுக்கப் பெரியப்பா ஒரு வரி எழுதவில்லை. தன்னுடைய அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். நல்லெண்ணத்தோடு உதவி செய்தவரைச் சட்டம் கைவிடக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அதில் கூரை இருந்தது, மழை இருந்தது, தச்சர் இருந்தார். வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு பத்திகூட இல்லை.

சாயங்காலம் சமையலறையில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"இப்ப நான் என்ன பண்றது, சொல்லு."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "என்னைக் கேக்கறீங்களா? நிஜமாத்தானா?"

"நிஜமாத்தான். உதவித்தொகை நின்னா உன் தலையிலதானே விழும்."

"விழுந்தா பார்த்துக்கலாம். நீங்க போய் சொல்றதுதான் சரி."

"நாளைக்குக் காலையில முதல் வேலையா குழுத் தலைவரைப் பார்த்து எல்லாத்தையும் சொல்லிடறேன். அப்பா உடம்பு, ஆஸ்பத்திரி, அந்தப் பொண்ணு பட்ட கஷ்டம் எல்லாத்தையும்."

"இதையாவது அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டுப் போங்க" என்றாள் மனைவி.

பெரியப்பா மன்னிப்புக் கேட்கப் போகிற வழியிலேயே மறுபடி அதே தப்பைச் செய்ய இருந்தார். அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அங்கே நின்றபடியே ஜாமீனுக்குப் போன் செய்தார். இந்தத் தடவை அவளுக்குப் பதிலாகத் தானே ஒன்றையும் முடிவு செய்யாமல், ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் போய்ச் சொல்லலாமா? எதைச் சொல்லலாம்? எதைச் சொல்லக் கூடாது? அவள் யோசித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றாள். அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தார். மகள் இரண்டு தடவை காலில் இடறினாள்.

"சொல்லுங்க சார்" என்றாள் ஜாமீன், திரும்பக் கூப்பிட்டு. "நீங்கதான் அனுப்பினீங்க, நான் கேக்கலைன்னு சொல்லுங்க. அது போதும். ஆனா எங்க அப்பா விஷயத்தை அங்க பேச வேண்டாம். பேராசிரியர்கள்ல என் கைடுக்கு மட்டும்தான் தெரியும். அப்பா ஒரு பக்கம் கை கால் வராம படுத்திருக்கறதை நாலு பேர் உட்கார்ந்து பேசறது எனக்குப் பிடிக்கலை."

"சரிம்மா" என்றார். சொன்ன பிறகுதான், தன்னிடம் இருந்த ஒரே நல்ல காரணத்தையும் அவள் கையில் கொடுத்துவிட்டோம் என்பது புரிந்தது. அப்பா விஷயம் இல்லாவிட்டால் அவர் செய்தது உதவி மாதிரியே இருக்காது. யாரோ ஒருவர், யாரோ ஒரு பெண்ணின் கணக்கைத் திறந்து, அவள் எழுத்தில் கை வைத்து, அவள் பெயரில் அனுப்பியிருக்கிறார். கேட்கிறவர்களுக்கு அவ்வளவுதான்.

மறுநாள் குழுத் தலைவரின் அறையில் அவரோடு இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் பெரியப்பாவின் சொந்தக் கைடு, கூரை பற்றிக் கேள்வி கேட்ட அந்தப் பேராசிரியை. பெரியப்பா நின்றபடியே நடந்ததைச் சொன்னார். பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது, எத்தனை மணிக்குத் திறந்தார், அடிக்குறிப்பில் எதை மாற்றினார் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

"அவங்க கேட்டாங்களா?" என்றார் தலைவர்.

"இல்லைங்க. அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"அப்புறம் ஏன் செஞ்சீங்க? காரணம்னு ஒண்ணு இருக்கணுமே."

பெரியப்பாவின் நாக்கு நுனி வரை வந்தது. மருத்துவமனை என்ற ஒரு சொல் போதும். மூன்று முகங்களும் இளகிவிடும். தச்சர் வழக்கில் நீதிபதி முன்னால் மழை, மழை என்று எத்தனை தடவை வாதாடியவர் அவர். இங்கே மழையைப் பற்றிப் பேசக் கூடாது என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"காரணம் ஒண்ணும் இல்லைங்க. நானா செஞ்சேன். செஞ்சது தப்பு" என்றார்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்க அத்தியாயத்தை நேத்துதான் படிச்சேன். அதன்படி பார்த்தா நாங்க உங்களுக்கு நஷ்ட ஈடு தரணும் போல இருக்கே."

யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். பேராசிரியை மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையோ விழுங்குகிறார் என்பது பேராசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அவரும் துருவவில்லை.

அந்த வார முடிவில் தீர்மானம் வந்தது. ஜாமீனின் சமர்ப்பிப்பு அவள் செய்ததே அல்ல என்பதால் செல்லாது. அவள் கேட்டிருந்த தள்ளிவைப்பு அப்படியே நிற்கும். இடத்துக்கும் உதவித்தொகைக்கும் ஆபத்து இல்லை. பெரியப்பாவுக்கு எச்சரிக்கை. அவருடைய நேர்காணல் அடுத்த சுற்றுக்குத் தள்ளிவைப்பு. அதுவரை உதவித்தொகை நிறுத்தம்.

மறுபடி பழைய வழக்கறிஞரிடம் போய், காலை வேளைகளில் மனு எழுதிக் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கினார். "டாக்டராகி வருவேன்னு போனீங்க, கம்பவுண்டராவும் வரலையே" என்று வழக்கறிஞர் கிண்டல் செய்தார். பெரியப்பா சிரித்துவைத்தார். மத்தியானத்துக்கு மேல் ஆய்வு அறைக்கு வந்து அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினார். இந்தத் தடவை வீட்டுக்காரரிலிருந்து தொடங்கினார். ஊருக்குப் போயிருக்கும் ஒரு மனிதர், தன் வீட்டைப் பற்றித் தானே ஒரு முடிவு வைத்திருக்கலாம் அல்லவா? கூரையை மாற்றிக் கட்டலாம் என்று இருந்தாரோ, வீட்டையே இடிக்கலாம் என்று இருந்தாரோ, யார் கண்டது? எழுத எழுத, தச்சர் பாவமாக இருந்தாரே தவிர, பாவம் என்பதற்காகவே அவர் பக்கம் நியாயம் என்று சொல்ல வரவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஜாமீன் திரும்பி வந்தாள். மெலிந்திருந்தாள். அப்பா கோல் ஊன்றி நடக்கத் தொடங்கிவிட்டார் என்று அடமானத்திடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பெரியப்பாவுக்கு ஒரு வணக்கம் வைத்தாள். அவ்வளவுதான். இரண்டு நாள் அப்படியே போனது. அவளுடைய பேனா திறந்தே கிடந்தது. பெரியப்பா கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் அடமானம் நூலகத்துக்குப் போன நேரத்தில் அவளே நாற்காலியைத் திருப்பினாள்.

"ஒண்ணு கேக்கணும். என் நம்பர் உங்ககிட்ட இருந்துச்சு. ஒரு போன் பண்ண ரெண்டு நிமிஷம் ஆகுமா? ஏன் கேக்கலை?"

தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான், என்று சொல்ல வாயெடுத்தார். மனைவியிடம் சொன்ன பதில் அது. தனக்குத் தானே அத்தனை நாளும் சொல்லிக்கொண்ட பதிலும் அதுதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு இருந்திருக்கும்மா" என்றார். "வேண்டாம்னு சொல்லிட்டா என்னால செய்ய முடியாம போயிடும்ல. எனக்கு அதைச் செய்யணும்னு இருந்துச்சு. உனக்காகத்தான்னு நினைச்சேன். இப்ப யோசிச்சா, அதுல பாதி எனக்காகத்தான்."

ஜாமீன் மேஜை மேல் கிடந்த பேனாவை எடுத்து மூடினாள்.

"அப்பா விஷயத்தை நீங்க கடைசி வரைக்கும் சொல்லலைன்னு, உங்க கைடுகிட்ட விசாரிச்சுட்டு என் கைடு சொன்னாங்க" என்றாள். பிறகு தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் அவள் மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தத் தொடங்கினாள். பழைய காலத்து மர மேஜை, இழுப்பறை நிறையப் புத்தகம். ஒரு முனையைத் தூக்குவதும் ஒரு சாண் நகர்த்துவதுமாக மூச்சு வாங்கினாள். பெரியப்பா பாதி எழுந்துவிட்டார். எழுந்தவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிடிக்கட்டுமாம்மா?"

"வேண்டாம்."

உட்கார்ந்தார். மேஜை தரையைக் கீறிக்கொண்டு நகரும் சத்தம் அவர் பல்லைக் கூசச் செய்தது. இரண்டு கையையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டு, திறந்திருந்த அத்தியாயத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். கூரை மேல் ஏறுவதற்கு அந்தத் தச்சர் கட்டாயம் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார். பிரிண்டருக்குப் பக்கத்தில் மேஜையின் கால் எதிலோ மாட்டிக்கொண்டு நின்றது. அவள் இந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் போய்த் தள்ளிப் பார்த்தாள். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பெரியப்பா, கொஞ்சம் ஒரு கை பிடிங்க."

பெரியப்பா எழுந்து போய், எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று கேட்டார்.